மகளின் ஓவியங்கள் சுவரேறும் வாரம்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

உங்கள் மகள் சென்னையில் நுண்கலை இளநிலைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்பதாகவும், பல்கலைக்கழகக் காட்சிக்கூடத்தில் நடக்கவிருக்கும் மாணவர் கண்காட்சிக்காக ஒரு வாரமாக வரைவதையே விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதும் பலகை சுமப்பதுமாக இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படங்களுக்குச் சட்டம் போடுவதற்கு மட்டும் 9,000 ரூபாய் கேட்கிறாள், இதெல்லாம் படிப்பில் சேர்த்தியா, ஓவியம் பற்றி ஒன்றும் அறியாத பெற்றோர் அங்கே போய் எதைப் பார்ப்பது, யாராவது விலைக்குக் கேட்டால் கொடுக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். இருபது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்கு ஓவியம் கற்பித்து, ஆண்டுதோறும் அவர்களுடைய காட்சிகளைச் சுவரேற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு ஐயமின்றி ஆம் என்றே பதில் சொல்வேன். நான்கு ஆண்டுப் படிப்பில் ஒரு மாணவி வரையும் ஒவ்வொரு படமும் ஆசிரியரின் கண்ணுக்கு முன்னால்தான் பிறக்கிறது. அது எப்போது தொடங்கியது, எந்த இடத்தில் தடுமாறியது, எத்தனை முறை அழிக்கப்பட்டது என்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியும். குறை இருந்தாலும் அதன் காரணம் தெரிந்தே மதிப்பெண் போடுவார். காட்சிக்கூடத்தில் வந்து நிற்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. அவர் முன்னால் படம் தன் பலத்தில்தான் நின்றாக வேண்டும். வகுப்பறையில் பெரிதாகத் தெரிந்த கேன்வாஸ் பன்னிரண்டு அடி உயரச் சுவரில் ஏறியதும் தபால் தலை போலச் சுருங்கிவிடுவதையும், மேசையில் கிடந்தபோது யாரும் பொருட்படுத்தாத சிறிய எட்சிங் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து எடுக்கும் அச்சுப்படம்) ஒன்று தனியே தொங்கும்போது அறையையே தன் பக்கம் இழுத்துக்கொள்வதையும் மாணவர்கள் கண்ணால் பார்க்கும் வாரம் இதுதான். இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க இயலாது. நான் முயன்று பார்த்து அறிந்திருக்கிறேன்.

சுவரேற்றும் வேலையைச் சற்று அருகிலிருந்து சொன்னால் உங்களுக்கு விளங்கும். படங்களை நேரே ஆணியில் மாட்டிவிடுவதில்லை. முதலில் எல்லாப் படங்களையும் சுவரோரமாகத் தரையில் சாய்த்து வைத்து, இரண்டு நாட்கள் இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். சிவப்பு மிகுந்த படத்துக்குப் பக்கத்தில் மெல்லிய நீர்வண்ணத்தை வைத்தால் நீர்வண்ணம் செத்துவிடும். ஒரே ஆளின் நான்கு படங்களை வரிசையாக வைத்தால் நன்றாக இருந்த இரண்டும் சலித்துப்போகும். ஒழுங்கு முடிவானதும் தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் உயரத்தில் நூல் கட்டி, ஒவ்வொரு படத்தின் நடுப்புள்ளியும் அந்த நூலில் வந்து அமையும்படி கணக்குப் போடுகிறார்கள். படத்தின் உயரத்தைப் பாதியாக்கி, பின்புறக் கம்பி இழுபட்டு நிற்கும் இடத்துக்கும் மேல் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அதிலிருந்து கழித்து, மீதியை 150-உடன் கூட்டினால் ஆணி அடிக்க வேண்டிய இடம் கிடைக்கும். கொத்தனார் வைத்திருக்கும் அதே ரசமட்டத்தைத்தான் இங்கேயும் சட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கிறோம். பழக்கமில்லாதவர்கள் எப்போதும் படத்தை உயரத்தில் மாட்டிவிடுவார்கள், நம் வீடுகளில் சாமி படம் மாட்டும் உயரம் கைக்குப் பழகியிருப்பதால். என் மாணவர்களில் பாதிப் பேர் முதல் ஆண்டில் இதைச் செய்திருக்கிறார்கள்.

சிற்பத்துக்கு வேறு கவலை. சுடுமண் உருவத்தைப் பீடத்தில் வைக்கும்போது பீடத்துக்குள் மணல் மூட்டை இறக்கிக் கனம் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பின்வாங்கி நின்று பார்க்கும் யாருடைய தோள்பையோ இடித்து ஆறு மாத உழைப்பு தரையில் கிடக்கும். விளக்கைப் பொறுத்தவரை, படத்துக்கு நேரே அடித்தால் கண்ணாடி கூசும், பக்கவாட்டில் சாய்த்தால் எண்ணெய் வண்ணத்தின் தூரிகைத் தடமெல்லாம் மலையும் பள்ளமுமாகத் தெரியும். செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை அளவில் சாய்ப்பது நடைமுறை. தாளில் செய்த வேலைகளுக்கு ஒளி 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று அருங்காட்சியகங்கள் வகுத்திருக்கின்றன. மாணவர் காட்சியில் அந்த அளவுக்குக் கருவி வைத்துப் பார்க்க முடியாது, ஆனால் நீர்வண்ணத்தை வெயில் விழும் சன்னலுக்கு எதிரே மாட்டக் கூடாது என்ற அறிவாவது அவர்களுக்கு வந்துவிடுகிறது.

இப்போது அந்த 9,000 ரூபாய்க்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மற்ற எதையும்விட அதுதான் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். சட்டம் அலங்காரத்துக்காகப் போடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். சென்னையின் காற்றில் அது படத்துக்குப் போடும் கூரை. இங்கே ஆண்டின் பெரும்பகுதியில் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்குக் குறையாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதற்கும் மேலே போகும். தாள் அந்த ஈரத்தைக் குடித்து அப்பளம் போல நெளியும், பிறகு பழுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை இறங்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில், நான் பொறுப்பேற்றிருந்த காட்சியில் ஒரு மாணவர் செலவுக்கு அஞ்சி, லினோலியத் தகட்டில் செதுக்கி எடுத்த தன் லினோ அச்சுப் படங்களை, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை இல்லாமல் நேரே கண்ணாடியோடு ஒட்டினாற்போல் சட்டமிட்டுக் கொண்டுவந்தார். அவை வெளிச்சுவரில் இடம்பெற்றன. மூன்று நாள் மழை பெய்தது. காட்சி முடிந்து பிரித்தபோது மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. தாளை இழுத்தால் கறுப்பு முழுவதும் கண்ணாடியோடு போயிற்று. பதினோரு படங்களில் நான்குதான் மிஞ்சின. அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் கண்ணாடித் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே நின்றான். வெளிச்சுவர் கசியும் என்று முன்கூட்டியே நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு.

படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடுவதற்காகத்தான் மவுண்ட் அட்டை. அது அமிலமற்ற அட்டையாக இருந்தால் தாள் மஞ்சளாவது தள்ளிப்போகும். சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் சிறிய தக்கைத் துண்டுகள் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். செலவைக் குறைக்க வழி உண்டு. தாளில் செய்த படங்களை எல்லாம் இரண்டே அளவுகளுக்குள் அடக்கிச் சட்டம் போட்டால் அடுத்த காட்சிக்கும் அதே சட்டங்கள் உதவும். எங்கள் மாணவர்கள் மூத்தவர்களிடமிருந்து சட்டங்களை வாங்கிப் படத்தை மட்டும் மாற்றிக்கொள்வது வழக்கம். கேன்வாஸுக்குச் சட்டமே தேவையில்லை, ஓரங்களைச் சுத்தமாக மடித்து வண்ணம் பூசினால் போதும். கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு போட்டால் குட்டியானையில் ஏற்றி வரும்போது உடையாது, ஆனால் கீறல் விழும். எதில் குறைத்தாலும் இரட்டைப் பக்க டேப்பை நம்பிச் சுவரில் ஒட்ட மட்டும் விடாதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் இரவோடு இரவாக அது உரிந்து, காலையில் கதவைத் திறந்தால் படங்கள் தரையில் கிடக்கும்.

இந்த ஊரில் மாணவர் காட்சிகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி இரண்டு ஆண்டுகளில் அரசின் கைக்கு வந்து, நெடுங்காலம் தொழிற்கலைப் பள்ளியாகவே இயங்கியது. மட்பாண்டம், மரவேலை, உலோகவேலை என்று கைத்தொழில் சார்ந்த பொருள்களே அதன் பெருமையாக இருந்தன. 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பிறகுதான் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. மெரினாவில் நாம் தினமும் கடந்துபோகும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர். அந்தச் சங்கம் சென்னை ஓவியர்கள் சேர்ந்து காட்சி வைக்க வழி செய்தது. பின்னர் அவரே அந்தக் கலைப்பள்ளியின் தலைவராகி, தம் மாணவர்களையும் உடன் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். பெரியமேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும், ஹண்டர் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. 2013-இல் உருவான இசை மற்றும் நுண்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இப்போது அது வருகிறது. ஆதிமூலம், டிராட்ஸ்கி மருது, தோட்டா தரணி எனத் தமிழர்கள் அறிந்த பல பெயர்கள் இந்த வளாகத்தில் பயின்றவர்களுடையவை. நடிகர் சிவகுமார் அங்கே மாணவராக இருந்த காலத்தில் ஊர் ஊராகச் சென்று கோயில்களின் முன்னே உட்கார்ந்து தீட்டிய நீர்வண்ணங்களை நீங்கள் புத்தகத்திலாவது பார்த்திருப்பீர்கள்.

மற்ற ஊர்களிலும் இந்த மரபு வேறு வேறு வடிவில் இருக்கிறது. 1919-இல் சாந்திநிகேதனில் தொடங்கிய கலாபவனத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 1, 2 தேதிகளில், நந்தலால் போஸின் பிறந்தநாளை ஒட்டி, நந்தன் மேளா நடக்கும். மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் வேலைகளைச் சிறு விலைக்கு விற்பார்கள். வரும் பணம் மாணவர் நலநிதிக்குப் போகிறது. 2014 முதல், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் கலைக் காட்சியான கொச்சி பியென்னாலேவோடு சேர்ந்து நடக்கும் மாணவர் பியென்னாலே, நாடெங்கும் உள்ள கலைக் கல்லூரிகளின் மாணவர்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. உங்கள் மகள் அதற்கு விண்ணப்பிக்க விரும்பினால், இப்போதைய காட்சியின் நல்ல புகைப்படங்கள் அவசியம் தேவைப்படும். சுவரில் மாட்டிய நிலையில் நான்கு படங்கள், ஒவ்வொரு வேலையும் தனித்தனியாக ஒரு படம் என்று காட்சி நடக்கும்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள்; காட்சி கலைந்த பிறகு அந்தச் சூழல் திரும்பக் கிடைக்காது.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். திறப்பு விழா அன்று போய் வாருங்கள், மகளுக்கு மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் அன்று படம் பார்க்க முடியாது. பொன்னாடையும் குத்துவிளக்கும் சமோசாவுமாக அறை நிறைந்திருக்கும். இன்னொரு நாள், வார நாளில் பிற்பகல் மூன்று மணிக்குத் தனியாகப் போங்கள். மகளின் படங்களுக்கு நேரே போகாமல், நுழைந்த இடத்திலிருந்து வரிசையாக நடந்து வாருங்கள். எந்தப் படத்தின் முன்னால் கால் தானாக நிற்கிறதோ அங்கே இரண்டு நிமிடம் நில்லுங்கள். "இது என்ன?" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்து, கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே நகர்கிறது, எந்த மூலைக்குப் போகவே இல்லை என்று மட்டும் கவனியுங்கள். கோலம் பார்க்கத் தெரிந்த, புடவைக் கரையின் நிறப் பொருத்தம் சொல்லத் தெரிந்த ஒரு வீட்டுக்கு இது அந்நியமான வேலை அன்று. உங்கள் மனைவி இதில் உங்களைவிடத் தேர்ந்தவராக இருந்தால் வியப்படைய மாட்டேன்.

அருகில் போயும் பாருங்கள். அச்சோவியத்தின் கீழ் விளிம்பில் பென்சிலால் 3/10 என்பது போல எழுதியிருக்கும்: அந்தத் தகட்டிலிருந்து எடுத்த பத்துப் பிரதிகளில் இது மூன்றாவது என்று பொருள். எட்சிங் என்றால் படத்தைச் சுற்றிலும் தகடு அழுந்திய பள்ளம் தாளில் தெரியும். எண்ணெய் வண்ணத்தில் ஒரு பகுதி மங்கலாகவும் மறு பகுதி பளபளப்பாகவும் இருந்தால், மங்கிய இடத்தில் எண்ணெயை அடி அடுக்கு உறிஞ்சிவிட்டது, மேலே இன்னும் வார்னிஷ் பூசவில்லை என்று அறியலாம். எண்ணெய் வண்ணம் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே முழுவதும் காய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். மாணவர் காட்சியில் இப்படிப்பட்ட அவசரத் தடங்கள் நிறைய இருக்கும். அவற்றைக் குறையாக மட்டும் எண்ணாதீர்கள். முடிந்த கலைஞரின் காட்சியில் தேடினாலும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: ஒருவர் ஆசிரியரின் கையை விட்டுத் தன் கைக்கு வரும் இடம். நான்கு படங்களில் மூன்று ஆசிரியரைப் போலவே இருக்கும், நான்காவதில் ஒரு மூலையில் மட்டும் வேறு யாரோ வரைந்தது போல ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து அவளிடம் சொல்லுங்கள்.

இங்கே எனக்கு நெடுநாளாக உள்ள ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் பக்கத்தில் வைக்கும் சீட்டில் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு ஆகியவை இருந்தால் போதும். அதோடு தம் வேலையைப் பற்றி மாணவர்கள் ஒரு பத்தி எழுதி ஒட்டும் வழக்கம் வந்திருக்கிறது, நல்ல வழக்கம்தான். ஆனால் திருவண்ணாமலையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை, தன் ஊர்க் கண்மாயையோ தன் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியையோ வரைந்துவிட்டு, அதைப் பற்றித் தனக்கே விளங்காத ஆங்கிலத்தில் ஒரு பத்தியை எங்கிருந்தோ பெற்று ஒட்டுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. பார்க்க வரும் அவர்களுடைய அம்மாவாலும் அதைப் படிக்க முடியாது. உங்கள் மகள் தமிழில் ஐந்து வரி எழுதட்டும். "இந்தச் சிவப்பு எங்கள் வீட்டுத் தரையின் காவி" என்ற ஒரு வரி, அடையாளம், இருப்பு, நினைவின் வெளி என்றெல்லாம் எழுதும் ஒரு பக்கத்தைவிடப் பார்வையாளரைப் படத்துக்கு அருகில் கொண்டுசெல்லும். ஆங்கிலமும் தேவை என்றால் கீழே சேர்த்துக்கொள்ளலாம்.

விற்பனை பற்றி. முதலில், கல்லூரியின் விதி என்ன என்று கேட்டறியுங்கள். சில இடங்களில் தேர்வுக்கு வைத்த வேலையை மதிப்பீடு முடியும்வரை கொடுக்க விடமாட்டார்கள். அனுமதி உண்டென்றால் தாராளமாக விற்கலாம். மாணவப் பருவத்தில் விற்பது கலைக்கு இழுக்கு என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. சோழமண்டலத்தின் நிலமே ஓவியர்கள் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும்) துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுச் சேர்த்த பணத்தில் வாங்கியதுதான். விலை வைக்கும்போது பொருட்செலவு, சட்டம் போட்ட செலவு, உழைத்த நாட்கள் ஆகியவற்றைக் கூட்டி ஓர் அடிப்படைத் தொகை வையுங்கள். ஒரே அளவு, ஒரே ஊடகம் என்றால் ஒரே விலை இருக்கட்டும். தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவருக்கு ஒன்று என்று போனால் முதல் காட்சியிலேயே பெயர் கெடும். இனாமாகக் கொடுப்பதைத் தவிருங்கள், குறிப்பாக உறவினர்களுக்கு.

படத்தை விற்றாலும் பதிப்புரிமை அவளிடமே இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்தாலொழிய, வாங்கியவர் அந்தப் படத்தை நாட்காட்டியிலோ புத்தக அட்டையிலோ அச்சிட முடியாது. ஒருவர் சம்பளத்துக்கோ, பிறர் பணம் கொடுத்து வரையச் சொன்னதற்கோ வரைந்து கொடுப்பது வேறு கணக்கு. அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆகும் மூல ஓவியத்தின் விலையில் படைத்தவருக்குப் பங்கு கேட்கும் உரிமையையும் தருகிறது. நடைமுறையில் இதை வாங்குவது எளிதல்ல, ஆனாலும் விற்பனைச் சீட்டில் தலைப்பு, அளவு, தேதி, விலை, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு பிரதியை வைத்துக்கொண்டால் பின்னால் எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரம். விற்ற படத்துக்கு நல்ல புகைப்படம் எடுத்து வைக்க வேண்டும். என் மாணவி ஒருவர் பத்தாண்டு கழித்துத் தனிக்காட்சிக்குத் தொகுப்பு தயாரித்தபோது, தான் முதலில் விற்ற ஓவியம் எப்படி இருந்தது என்று காட்ட அவரிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை.

கடைசி நாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அன்றுதான் அவளுக்கு ஆள் தேவைப்படும். திறப்பு விழாவுக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இறக்குவதற்கு வரமாட்டார்கள். மாலை ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிந்ததும் படங்களை இறக்கி, ஆணிகளைப் பிடுங்கி, துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, சுவரைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும். பழைய போர்வைகள் நான்கும் சணல் கயிறும் எடுத்துக்கொண்டு போங்கள். சட்டமிட்ட படங்களை முகத்தோடு முகம் சேர்த்து, நடுவே அட்டை வைத்து, வண்டியில் படுக்கவைக்காமல் நிறுத்தி ஏற்ற வேண்டும். ஈரம் காயாத எண்ணெய் வண்ணம் இருந்தால் அதை மட்டும் யாராவது மடியில் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். புறப்படும் முன் பார்வையாளர் குறிப்பேட்டை அவள் எடுத்துக்கொண்டாளா என்று கேளுங்கள்; அவசரத்தில் அதைத்தான் எல்லோரும் மேசையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.